மூக்கரின் கோழிக் கொட்டகை

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் மூக்கர். மூக்கு பெரிதாக இருந்து வந்த பெயர் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அளவான, அடக்கமான மூக்குதான். ஆனால் அது பார்த்த வேலை! அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பிரேக் சூடாவது மற்ற டிரைவர்களுக்குப் புகை வந்த பிறகு தெரியும். இவருக்கு இரண்டு தெரு முன்னாலேயே தெரிந்துவிடும். பின் சீட்டில் எவன் டப்பாவை எவன் திறந்து தின்கிறான் என்று கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஒரு தடவை, பக்கத்து வீட்டுத் தையல்காரர் அடுப்படியில் காஸ் கசிந்ததை, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த இவர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தையல்காரர் இவரைக் கண்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார். பால் கெட்டுவிட்டதா, இறைச்சி புதிதுதானா, வாடகைக்குப் பார்த்த வீட்டுச் சுவரில் ஈர ஓதம் ஏறியிருக்கிறதா, எதற்கெடுத்தாலும் மூக்கரைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாத இடத்துக்கும் அவரே போனார்.

அப்படிப்பட்ட மூக்கோடு குடும்பம் நடத்துவது என்ன பாடு என்பதை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. விடிந்ததும் போய், விரிப்புகளோடும் வெந்நீரோடும் மல்லுக்கட்டிவிட்டு, மதியத்துக்கு மேல் வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். இவர் வந்து தட்டின் முன்னால் உட்காருவார். கை சோற்றுக்குப் போகும் முன்பே மூக்கு போய்விடும்.

"வெங்காயம் ஒரு பக்கம் கருகியிருக்கு."

"எண்ணெய் பழசு."

"இந்த மீன் நேத்தே செத்தது."

"செத்த மீனைத்தான் விக்கிறாங்க. உசுரோட யாரும் கொடுக்கல," என்று ஆரம்ப வருஷங்களில் அவளும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சோப்புத் தண்ணியிலயே கிடந்து உன் மூக்கு மரத்துப்போச்சு, உனக்கென்ன தெரியும்" என்று அவர் முடித்துவிடுவார். போகப்போக அவள் பதில் சொல்வதை விட்டுவிட்டாள். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த மனுஷன் வாயிலிருந்து "நல்லா இருக்கு" என்று வந்ததில்லை. குறை சொல்லாமல் எழுந்து போனால் அதுவே பாராட்டு என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய கோழிக் கொட்டகை. தகரக் கூரை, மரச்சட்டம், இரண்டு பக்கமும் கம்பிவலை ஜன்னல். ஏறக்குறைய இருபது கோழிகள். அவை தூங்குவதற்குக் குறுக்கே இரண்டு கம்புகள், இரண்டும் ஒரே உயரத்தில். ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தி வைத்தால் எல்லாம் மேல் கம்புக்கே அடித்துக்கொள்ளும், மனுஷ ஜாதி மாதிரிதான். கம்புக்கு ஒரு முழம் கீழே அகலமான பலகை. கோழி பகலெல்லாம் சுற்றிச் சுற்றி எச்சம் போட்டாலும், மொத்தத்தில் பாதியை ராத்திரி கம்பில் உட்கார்ந்தபடிதான் போடும். அதை அந்தப் பலகை ஏந்திக்கொள்ளும். பலகைமேல் தச்சுப்பட்டறை மரத்தூளைப் பரப்பி வைப்பார். தரையில் மரச்சீவலும் சருகும் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும்.

கோழி வளர்க்கிற மற்றவர்கள் பலகையைத் தினமும் காலையில் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மூக்கருக்கு அது பிடிக்காது. "காய்ஞ்ச எச்சம் யாரை என்ன பண்ணுது? ஈரமானாத்தான் நெடி. நெடி கிளம்புற அன்னைக்கு அள்ளினா போதும். சும்மா சும்மா சுரண்டினா மரத்தூள்தான் தண்டம்" என்பார். அந்த நாள் எப்போது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் மூக்கு. தினமும் காலையில் பஸ்ஸை எடுக்கப் போகுமுன் கொட்டகைக்குள் நுழைந்து, குந்தி, கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குத் தன் தலையைக் கொண்டுபோய், வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு. "நின்னுக்கிட்டுப் பாக்கிறவனுக்கு நிக்கிறவன் காத்துதான் தெரியும். கோழி இழுக்கிறது கோழிக் காத்து" என்று தையல்காரருக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, அவர் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. கோழிகளின் கண்கள் கண்ணாடி மணியாகப் பளபளக்கும். கொட்டகைக்குள் நின்று தேநீர் குடிக்கலாம், அத்தனை சுத்தம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே. மழைக்காலம் தொடங்கும்போது அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் சளி அடைத்திருக்கிறது என்று நினைத்தார். சளி வடிந்தது, மூச்சு தாராளமாகப் போய் வந்தது, வாசனை மட்டும் வரவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வெங்காயத்தை நறுக்கி மூக்கில் வைத்தார். கண்தான் கலங்கியது. மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்து முகர்ந்தார். கடைசியில் ஷூவுக்குள் இருந்த தன் காலுறையையே எடுத்து முகர்ந்து பார்த்தார், பாவம். ஒன்றும் இல்லை. இந்தத் தெரு மருந்துக்கடையில் கேட்டால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போய், 'ஒரு நண்பருக்கு' என்று சொல்லிக் கேட்டார். "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. உங்க நண்பரைப் பொறுமையா இருக்கச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

வெளியே சொன்னால் வெட்கம், உள்ளே வைத்தால் துக்கம். மூக்கு இல்லாத மூக்கரை எவன் மதிப்பான்? தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டார். பாலை முகரச் சொல்லி யாராவது கொண்டுவந்தால், தலையைச் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். பாதி சரியாக இருந்தது. மீதியை வயிறுகள் பொறுத்துக்கொண்டன.

வீட்டில்தான் சிக்கல். கருகாததைக் கருகிவிட்டது என்று சொன்னால் மாட்டிக்கொள்வோமே! அந்தப் பயத்தில், காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாக ஒழுங்காகச் சாப்பிட உட்கார்ந்த அன்று, "நல்லா இருக்கு" என்று சொல்லிவைத்தார்.

அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். "என்ன?"

"நல்லா இருக்குன்னேன்."

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. மறுநாளும் "நல்லா இருக்கு." அதற்கடுத்த நாளும். ஒரு நாள் பால் அடிபிடித்துவிட்டது. அவள் பயந்துகொண்டே வைத்த தம்ளரை மனுஷன் ஒரு வாய் விடாமல் குடித்துவிட்டு, "ஜோர்" என்றார். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்தது, நடுவில் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. சலவைக்கூடத்திலிருந்து களைத்து வருகிறவள் இப்போது கதவைத் திறக்கும்போதே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள். ஒரு சாயங்காலம் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. "அவருக்கு இப்பத்தான்டி புத்தி வந்திருக்கு. நான் சமைக்கிறதை ருசிச்சுச் சாப்பிடுறாரு. சாகுறதுக்குள்ள கேட்டுட்டேன், போதும்."

மூக்கர் சத்தமில்லாமல் பின்கட்டுக்குப் போய்விட்டார். இனி உண்மையைச் சொன்னால் போவது அவர் மானம் மட்டும் இல்லை.

மழை விடாமல் பிடித்துக்கொண்டது. காற்றில் ஈரம், கூரை விளிம்பில் ஒழுக்கல், மரத்தூள் காயவே இல்லை. மூக்கர் வழக்கம்போலக் காலையில் குந்தினார், இழுத்தார், எழுந்தார். "இன்னும் தாங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவரிடமே பதில் கிடையாது. பழக்கம்தான். அவருக்கு எட்டவில்லை என்றால் அது இல்லை என்று அர்த்தம், அப்படித்தானே ஆயுள் முழுக்க நடந்திருக்கிறது?

தையல்காரர் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினார். "அண்ணே, ரெண்டு மூணு நாளா இந்தப் பக்கம் என்னமோ நாறுதே. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"சாக்கடை," என்றார் மூக்கர், கண்ணை இமைக்காமல். "நான் அப்பவே கவனிச்சேன்."

சொன்னதோடு விட்டாரா? தெருமுனைக்குப் போய், சாக்கடை வாருகிற ஆளைப் பிடித்து, ஒரு மூச்சு சண்டையும் போட்டார். அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு மழையில் நின்று முழுச் சாக்கடையையும் வாரிவிட்டுப் போனான். நாற்றம் போகவில்லை.

அதற்குள் கொட்டகையில் 'வாயாடி' வாயை மூடிவிட்டது. முட்டையிட்டால் தெருவையே கூட்டுகிற செவலைக் கோழி அது. ஒரு மூலையில் ஒடுங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. கண்ணோரத்தில் நுரை. இன்னும் இரண்டு கோழிகள் தும்மின. குளிரில் சளி பிடித்துவிட்டது என்று மூக்கர் நினைத்தார். பாசக்காரர் அல்லவா, உடனே பழைய சாக்குகளைக் கொண்டுவந்து, ஜன்னல் இரண்டையும் இடுக்கு விடாமல் அடைத்து ஆணி அடித்தார். காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து வாயாடியின் கண்ணைத் துடைத்தார். "சரியாப் போயிரும்டி, சரியாப் போயிரும்" என்று அதைத் தடவிக் கொடுத்தார். நெடியைப் பூட்டி வைத்துவிட்டுக் கண்ணுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து விடுமுறை, பஸ் கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் குந்தினார். வழக்கமான இழுப்பு. மூக்கில் ஒன்றும் இல்லை. ஆனால் கண் சுரீரென்று எரிந்தது. துடைத்துக்கொண்டார். மறுபடியும் எரிந்தது. தொண்டை கமறி இருமினார். மேலே கம்பில் உட்கார்ந்திருந்த கோழிகளைப் பார்த்தார். வரிசையாக, ஒன்று விட்டு ஒன்று கண்ணை மூடியிருந்தன, தூக்கத்தில் இல்லை. "ஐயையோ, நானேதானா?" என்று வாய்விட்டுச் சொன்னார்.

சாக்குகளைப் பிய்த்து எறிந்தார். பலகையைச் சுரண்டினார். மேலே பொருக்காக இருந்தது. கீழே ஈரக் களிம்பாக, வாளி வாளியாக வந்தது. தரைச் சீவலையும் வாரி வெளியே கொட்டினார். மழை முதுகில் இறங்கியதையும் பொருட்படுத்தாமல் நாள் முழுக்கக் கழுவி, துடைத்து, மூட்டையில் உலர்வாக இருந்த மரத்தூள் அத்தனையையும் பரப்பினார். இருட்டத் தொடங்கும்போது இடுப்பு விட்டுப்போனது. கோழிகள் ஒவ்வொன்றாகக் கம்பில் ஏறின. வாயாடியை அவரே தூக்கி வைத்தார். அது இன்னும் கண்ணைத் தன் சிறகில் தேய்த்துக்கொண்டே இருந்தது. மற்றவையும் தேய்த்தன.

கண் எரிச்சல் இன்னும் நெடி இருப்பதாலா, பழைய புண்ணாலா? குளிர்ந்த காற்று சாரலோடு அடித்தது. நெடி போயிருந்தால் ஜன்னலை மூடிவிடலாம், சீக்கு கோழிகளுக்குக் கதகதப்பு வேண்டும். போகாமல் மூடினால் விடிவதற்குள் இன்னும் எத்தனை கண் போகுமோ? திறந்து வைத்தால் நனைந்து நடுங்கிச் சாகும். அவர் குந்தினார், இழுத்தார், மறுபடியும் இழுத்தார். வெறும் காற்று. தையல்காரரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் நாளைக் காலையில் பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். வாயாடி மறுபடியும் தேய்த்தது.

அவர் அடுப்படி வாசலில் போய் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கொஞ்சம் வா. கொட்டகைக்கு."

"நானா?" கொட்டகைக்குள் அவளை அவர் விட்டதே இல்லை. ஈரக் காலோடு சீவலை மிதித்துக் கெடுத்துவிடுவாள் என்பது அவர் சட்டம். "என்னத்துக்கு?"

"உள்ளே போய் மோந்து பாத்துச் சொல்லு. நெடி இருக்கா இல்லையான்னு."

"அதைத்தான் நீங்களே..."

"எனக்குத் தெரியல," என்றார். "காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு வேலை செய்யல. ஒண்ணுமே தெரியல எனக்கு. கோழிங்க கண்ணு போவுது."

அவள் அடுப்பை அணைத்தாள். அவரைத் தாண்டி ஓரடி வைத்தவள் திரும்பினாள். "காய்ச்சலுக்கு அப்புறம்னா? அப்பலேர்ந்தேவா?"

"அப்பலேர்ந்தே."

அடிபிடித்த பாலைப் பற்றிக் கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். கேட்டிருந்தால் கத்தியாவது தீர்த்திருப்பாள். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். கொட்டகைக்குள் அவர் சொன்னபடி குந்தி, கோழித் தலை உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். முகம் சுருங்கியது.

"இருக்கு. நல்லாவே இருக்கு."

"பூராவும் வாரிட்டேனே!"

அவள் மோப்பம் பிடித்துக்கொண்டே நகர்ந்தாள். பலகையோரமாகப் போய், சுவர்ப்பக்கம் குனிந்தாள். "இங்கதான். வந்து பாருங்க." பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. மாசக்கணக்கில் அதன் வழியாகச் சரிந்து விழுந்தது, பின்னால் சட்டத்தில் தங்கி, ஒழுக்கலில் ஊறி, சுவர் நெடுகக் கூழாக நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூக்கு இருந்திருந்தால் முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும்.

பலகையைக் கழற்றினார்கள். அவள் விளக்கைப் பிடித்தாள், அவர் வழித்து எடுத்தார். கடைசி வாளியைக் கொட்டிவிட்டு வந்ததும் அவள் மறுபடியும் குந்திப் பார்த்தாள். "இப்ப இல்ல. ஒரு பக்கம் மூடுங்க, காத்து அடிக்காத பக்கத்தைத் திறந்து விடுங்க," என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோழிகள் பிழைத்தன. ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன, தும்மல் நின்றது. வாயாடிக்கு மட்டும் ஒரு கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கெட்டது கோழியின் கண், கும்பிடு போட்டது இவர். பலகையைச் சுவரோடு ஒட்டி அடித்தார். 'சும்மா சும்மா சுரண்டுகிறவர்கள்' என்று யாரைக் கேலி செய்தாரோ அவர்களைப் போலவே தினமும் காலையில் சுரண்டினார். தையல்காரரிடமும் சொல்லிவிட்டார். "அப்போ அந்தச் சாக்கடை?" என்று அவர் கேட்டார். இரண்டு நாள் தெரு சிரித்தது, மூன்றாம் நாள் வேறு கதை கிடைத்துவிட்டது. சாக்கடை வாருகிற ஆளிடம் மட்டும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். மானம் போவது அவர் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

வலித்தது வீட்டுக்குள்தான். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் தினமும் கொட்டகைக்குள் வந்து குந்தி மோந்து பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" அல்லது "அந்த மூலையைக் கிளறிவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாலையில் தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். முணுமுணுப்புப் பாட்டு நின்றுபோயிருந்தது. அவருக்கும் "நல்லா இருக்கு" என்று சொல்ல வாய் வரவில்லை, எந்த முகத்தோடு சொல்வது? இருவரும் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்கள்.

மழை விட்டு, வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலை. அவர் மரத்தூள் மூட்டையோடு வந்தபோது அவள் கொட்டகைக்குள் குந்தியபடியே இருந்தாள், வழக்கத்தைவிட நேரமாக. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மூக்கர் பதறிப்போனார். மூட்டையைப் போட்டுவிட்டுச் சுரண்டியைப் பிடுங்கினார். "மறுபடியுமா? எங்க? பின்னாலயா? தள்ளு, தள்ளு, நான் பலகையைக் கழட்டுறேன்."

"சுரண்டியை வைங்க," என்றாள். "நெடி ஒண்ணும் இல்ல."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். வாயாடி நல்ல கண்ணைத் திருப்பி இருவரையும் பார்த்தது.

"முப்பது வருஷமும் நல்லாத்தான் இருந்துச்சு, உன் சமையல்," என்றார்.

"இதையும் மூக்கு போன பிறகுதானே சொல்றீங்க."

மூக்கர் காலடியில் கிடந்த சீவலை விரலால் கிளறினார்.

"மூக்கு இருந்தப்பவே சொல்லியிருக்கணும்," என்றார்.

"ஆமா," என்றாள் அவள். "சொல்லியிருக்கணும்." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் எழுந்து போகவில்லை.